ஐம்பது சென்டிமீட்டர்

1

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, சாப்பிட்டு முடித்து மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோது, தங்கச்சி தன் செல்போனில் ஒரு ரசீதைக் காட்டினாள். மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் முன்பணம் கட்டிய ரசீது. அவள் தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். மாசாமாசம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் அது. "கன்னத்துக் குழிக்கு ட்ரீட்மெண்ட் எடுக்கப் போறேன். அம்மாட்ட நீதான் சொல்லணும்" என்றாள்.

அன்றைக்கு நான் பேசியதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "உனக்கு எதுக்குப் பிள்ள இதெல்லாம்? முகம்னா வெறும் தோலா? முதல்ல உன்னை நீயே ஏத்துக்கிடணும்" என்று ஆரம்பித்தேன். அழகுச் சந்தை, கல்யாணச் சந்தை, பெண்ணுடலின் மேல் ஊர் வைத்திருக்கும் கண், எல்லாம் வரிசையாக வந்தன. இத்தனை வருஷம் படித்த கட்டுரைகள் அத்தனையும் அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. அவள் குறுக்கே பேசவில்லை. நான் முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணே, நீ எதுக்கு எட்டு வருஷமா தாடி வச்சிருக்க?"

எங்கள் வீட்டில் பரு என்பது பரம்பரைச் சொத்து. அப்பாவுக்கு இருந்தது, எனக்கு வந்தது, அவளுக்கும் வந்தது. பங்கு சமமாகத்தான் பிரிந்தது. எனக்குத் தாடி முளைத்தது, அவளுக்கு முளைக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். கல்லூரி முடித்த வருஷத்துக்குப் பிறகு நான் முழுச் சவரம் செய்துகொண்டதே இல்லை. கேட்பவர்களிடம் சோம்பேறித்தனம் என்பேன், சில சமயம் ஸ்டைல் என்பேன். என் கன்னத்துக் குழிகளின் மேல் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு, போர்வை இல்லாதவளுக்குக் குளிரைத் தாங்கிக்கொள்ளச் சொல்லிப் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

முகத்தில் இருக்கும் தழும்பை அழிக்க நினைப்பது தன்னையே மறுப்பதாகுமா? அப்படி நினைக்கும் ஒருவரிடம் 'வேண்டாம், ஏற்றுக்கொள்' என்று சொல்லும் தகுதி யாருக்கு இருக்கிறது? அன்றைக்கு மாடியில் பதில் சொல்ல முடியாமல் இறங்கிப்போனவன், அதற்குப் பிறகு யோசித்ததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2

முதலில் கொஞ்சம் உடம்பைப் பற்றிப் பேச வேண்டும். தத்துவம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

பரு போன பிறகு முகத்தில் மிஞ்சுவது எல்லாமே தழும்பு இல்லை. சிவப்பாகவோ கறுப்பாகவோ தட்டையாக நிற்கும் கறைகள் வேறு. வெயில் படாமல் பார்த்துக்கொண்டு, சன்ஸ்கிரீனும் மருத்துவர் தரும் களிம்பும் போட்டால் மாதக்கணக்கில் மெல்ல மங்கும். நம் மாநிறத் தோலில் இவை அதிகம், மங்கவும் அதிக நாள் எடுக்கும். உண்மையான தழும்பு என்பது தோலின் ஆழத்தில் கொலாஜன் குறைந்துபோய் விழுந்த பள்ளம். சிலருக்குத் தேவைக்கு மேல் கொலாஜன் சுரந்து, தாடையிலும் மார்பிலும் மேடாக எழும்பும்.

பள்ளங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். ஊசி குத்திய மாதிரி வாய் குறுகி ஆழமாகப் போகும் குழி ஒன்று. பெட்டி மாதிரி ஓரம் செங்குத்தாக இறங்கும் குழி இன்னொன்று. மூன்றாவது, வயல்வெளி மாதிரி மேலும் கீழுமாக அலையும் பள்ளம். தோலுக்கு அடியில் நார்கள் இழுத்துக் கட்டிப்போட்டிருப்பதால் வருவது இது. வகைக்கு ஏற்றபடிதான் வைத்தியம். ஊசிக் குழிக்கு அடர்த்தியான ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைக் குழிக்குள் மட்டும் ஒரு பொட்டு வைக்கிறார்கள். அலைப் பள்ளத்துக்கு, மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, தோலுக்கடியில் வேறொரு ஊசியை நுழைத்து அந்த நார்களை அறுத்துவிடுகிறார்கள். இதற்கு சப்சிஷன் என்று பெயர். பெட்டிக் குழிகளுக்கு லேசர், மைக்ரோநீட்லிங். மிக ஆழமான குழியாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் வட்டமாக வெட்டியெடுத்துத் தைப்பதும் உண்டு. பெரும்பாலான முகங்களில் மூன்று வகையும் கலந்து கிடக்கும் என்பதால், ஒரே முகத்துக்கு இரண்டு மூன்று வைத்தியம் தேவைப்படும். புதுப் பரு வருவது நின்ற பிறகுதான் இதையெல்லாம் தொடங்குவார்கள்.

தழும்பின் தீவிரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குட்மேன், பாரன் என்ற இரண்டு மருத்துவர்கள் 2006-இல் முன்வைத்த ஓர் அளவுகோல் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதில் நான்கு படிகள். ஐம்பது சென்டிமீட்டரோ அதற்கு மேலோ தள்ளி நிற்பவருக்குக் கண்ணில் படாமல், ஒப்பனையாலோ மழித்த தாடியின் நிழலாலோ மறைந்துவிடும் என்றால் இரண்டாம் படி. அந்தத் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிறது, ஆனால் தோலைக் கையால் இழுத்துப் பிடித்தால் சமமாகிறது என்றால் மூன்றாம் படி. இழுத்தாலும் சமமாகவில்லை என்றால் நான்காம் படி.

சர்க்கரையை ரத்தத்தில் அளக்கிறோம், காய்ச்சலைப் பாதரசத்தில் அளக்கிறோம். தழும்பை மட்டும் எதிரில் நிற்கும் இன்னொரு மனிதரின் கண்ணை வைத்து அளக்கிறோம். ஐம்பது சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு முழம். டீக்கடையில் எதிரே நிற்பவர், பள்ளிக்கூடத்தில் நோட்டை நீட்டும் பிள்ளை, பக்கத்து சீட்டுக்காரர், எல்லாரும் இருக்கும் தூரம் அது. இந்த வியாதி தோலில் இல்லை, இரண்டு முகங்களுக்கு நடுவில் இருக்கும் அந்த ஒரு முழ இடைவெளியில் இருக்கிறது என்று மருத்துவமே ஒப்புக்கொள்வது போல எனக்குத் தோன்றியது.

தங்கச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டாள். சின்ன வயதில் ஜன்னல் சீட்டுக்காக என்னோடு அடிதடியே நடத்தியவள். எப்போது நிறுத்தினாள் என்று நான் கவனித்ததே இல்லை. பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில்தான் குழிகள் நிழல் கட்டும் என்பதை மருத்துவர் விளக்கைத் திருப்பிக் காட்டியபோது தெரிந்துகொண்டேன். அவள் அதை எந்த மருத்துவரும் சொல்லாமலே பதினாறு வயதில் கண்டுபிடித்திருக்கிறாள்.

3

எங்கள் ஆச்சியின் முகம் முழுக்கத் தழும்பு. சின்ன வயதில் வந்த பெரியம்மை. அவள் முகத்தைப் பற்றி வீட்டில் யாரும் பரிதாபப்பட்டு நான் கேட்டதில்லை. "அம்மா விளையாடிட்டுப் போனதுலா" என்பாள். எங்கள் ஊரில் அம்மைக் கொப்புளத்துக்குப் பெயர் முத்து. முத்துப் போட்டிருக்கு, முத்து இறங்கிருச்சு என்றுதான் சொல்வார்கள். வந்தவள் தெய்வம், விட்டுப்போனது அவள் அடையாளம், பிழைத்தது அவள் கருணை. பெரியம்மை 1975-இல் இந்தியாவை விட்டுப் போனது, 1980-இல் உலகத்தை விட்டே போய்விட்டதாக அறிவித்தார்கள். ஆச்சியின் முகத்தில் இருந்த முத்துகள் மட்டும் அவள் சாகும்வரை இருந்தன.

நம் பழைய கவிதைகளிலும் தழும்புக்கு இடம் உண்டு. மார்பிலும் முகத்திலும் படுவது விழுப்புண், வீரனுக்குப் பெருமை. முதுகில் படுவது புறப்புண், அவமானம். வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதிய சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் விட்டதைப் புறநானூறு சொல்கிறது. அதே உடம்பு, அதே போர், அதே இரும்பு. புண் எந்தப் பக்கம் என்பதை வைத்து ஒன்று புகழாகிறது, இன்னொன்று மரணமாகிறது.

அப்படியென்றால் தழும்புக்கென்று தனியாக ஒரு பொருள் கிடையாது. அதைச் சுற்றி ஊர் சொல்லும் கதைதான் அதன் பொருள். ஆச்சியின் தழும்புக்கு ஒரு தெய்வத்தின் கதை இருந்தது. வீரனின் தழும்புக்குப் போரின் கதை இருந்தது. பருவின் தழும்புக்கு எந்தக் கதையும் இல்லை. அதைக் கொடுத்த தெய்வம் இல்லை, எதிரி இல்லை, தப்பிப் பிழைத்த ஆபத்து இல்லை. எண்ணெய்ச் சுரப்பி, அடைத்த துவாரம், ஒரு கிருமி, ஹார்மோன், அவ்வளவுதான். கதை இல்லாத இடத்தில் ஊர் தானாக ஒரு கதையை எழுதிவிடுகிறது. 'மூஞ்சிய ஒழுங்காக் கழுவமாட்டா போல', 'எண்ணெய்ப் பலகாரம் நிறையத் திம்பா போல', 'கிள்ளிக் கிள்ளியே கெடுத்துக்கிட்டா.' பரு வந்தவர்கள் எல்லாரும் இதைக் கேட்டிருப்போம். முத்து என்று பெயர் வைக்கத் தெரிந்த அதே மொழிதான் இதையும் பேசுகிறது.

ஆகவே 'தழும்பு உன் வரலாறு, அதை அழிக்காதே' என்று சொல்வதற்கு முன், அது யார் எழுதிய வரலாறு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

4

இந்த வாதத்தை அதன் வலுவான வடிவத்திலேயே எடுத்துக்கொள்வோம். நதானியேல் ஹாத்தோர்ன் 1843-இல் எழுதிய 'பிறவிக்குறி' என்ற கதையில், ஒரு விஞ்ஞானி தன் மனைவியின் கன்னத்தில் இருக்கும் சின்னக் கை வடிவ மச்சத்தை அழிக்கப் பார்க்கிறான். மச்சம் மறையும்போது அவள் உயிரும் போய்விடுகிறது. குறையை அகற்றப்போய் மனிதரையே அகற்றிவிடுகிறோம் என்ற எச்சரிக்கையாக அந்தக் கதை சொல்லப்படுவது உண்டு. நானும் அப்படித்தான் படித்து வைத்திருந்தேன். திரும்பப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அந்தப் பெண்ணுக்கு முதலில் தன் மச்சத்தின் மேல் எந்தக் குறையும் இல்லை. புருஷன் முகம் சுளித்துச் சுளித்துத்தான் அவளுக்கு அது வெறுப்பாகிறது. அவளைக் கொன்றதில் மருந்துக்கு இருக்கும் பங்கு அந்தப் பார்வைக்கும் இருக்கிறது. அவள் முகத்தைப் பற்றிய முடிவு அவளுடையதாக இல்லை என்பதுதான் எனக்கு அந்தக் கதையின் குற்றமாகப் படுகிறது. இந்தப் பக்கம் நின்று 'அழி' என்று சொன்ன அந்தப் புருஷனும், அந்தப் பக்கம் நின்று 'அழிக்காதே' என்று சொன்ன நானும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம்.

சரி, அழகுக்கான ஆசை ஆழமில்லாதது என்ற வாதம்? தங்கச்சியிடம் பிறகு கேட்டேன்: "அழகா இருக்கணும்னு தோணுதா?" அவள் சிரித்தாள். "அழகெல்லாம் எவனுக்கு வேணும். போர்டுல கணக்குப் போட்டுட்டுத் திரும்பும்போது, பிள்ளைய என் மூஞ்சியப் பாக்காம கணக்கப் பாக்கணும். அவ்வளவுதான்."

இமானுவேல் லெவினாஸ் என்ற தத்துவவாதி முகத்தை அறத்தின் ஆரம்பம் என்று சொன்னவர். அவர் சொன்ன ஒன்று இங்கே உதவுகிறது: இன்னொருவரைச் சந்திக்கச் சிறந்த வழி, அவர் கண்ணின் நிறம் என்ன என்பதைக்கூடக் கவனிக்காமல் இருப்பது. நிறத்தைக் கவனிக்கும்போது நாம் அவரோடு உறவில் இல்லை, ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தழும்பு உள்ளவர்கள் கேட்பது இதைத்தான். எதிரில் நிற்பவரின் பார்வை கன்னத்தில் ஒரு கணம் தடுக்கி நின்று, பிறகு கண்ணுக்கு வரும். அந்த ஒரு கணத்தைப் பருத்தழும்பு உள்ள எல்லாருக்கும் தெரியும். தடுக்காமல் நேராகக் கண்ணுக்கு வா என்று கேட்பதை வீண் ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது? தழும்பில்லாதவர்கள் இந்தச் சலுகையைப் பிறந்ததிலிருந்து அனுபவிக்கிறார்கள். அதனால்தான் அது ஒரு சலுகை என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று. இந்த வைத்தியம் எதுவும் தழும்பை 'அழிப்பதில்லை'. சப்சிஷன் நாரை அறுக்கிறது. அமிலம் குழியைச் சுடுகிறது. மைக்ரோநீட்லிங் நூற்றுக்கணக்கில் குத்துகிறது. ஃப்ராக்ஷனல் லேசர் தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் தூண்களாகச் சுட்டு, நடுவில் நல்ல தோலை விட்டுவைக்கிறது. எல்லாமே அளந்து செய்யும் காயங்கள். காயம் பட்ட இடத்தில் உடம்பு தானே கொலாஜனை நெய்துகொள்கிறது. அதற்கு மாதங்கள் ஆகும். முதல் தடவை ஆறியதில் உடம்பு அவசரத்தில் செய்துவிட்ட தப்பை, இரண்டாம் தடவை நிதானமாகச் செய்ய ஒரு வாய்ப்புக் கொடுக்கிறோம். வரலாற்றை அழித்துவிட்டு வெற்றுத்தாளாக மாறுவது இதில் நடக்கிற காரியமே இல்லை. மருத்துவரும் முதல் நாளே சொல்லிவிட்டார்: "குறையும்மா. பாதிக்கு மேல குறையலாம். கண்ணாடி மாதிரி ஆக்கித் தர்றேன்னு எவனாவது சொன்னா அங்க போகாதீங்க."

5

இதோடு முடிந்துவிட்டது என்றால் கட்டுரை சுலபம். என்னை இன்னும் விடாமல் குடைகிற கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது.

ஆளாளுக்குச் சரிசெய்துகொண்டால், சரிசெய்துகொள்ள முடியாதவரின் கதி என்ன? ஒரு தடவைக்குச் சில ஆயிரங்கள், நாலைந்து தடவை, நடுவில் லீவு, போக்குவரத்து. வகுப்பில் முப்பது முகமும் வழவழவென்று ஆகிவிட்டால், முப்பத்தொன்றாவது முகத்தின் குழி இன்னும் ஆழமாகத் தெரியாதா? செல்போன் கேமராவே முகத்தை மெழுகித் தரும் காலத்தில், சாதாரணத் தோலுக்கான அளவுகோல் நம்மை அறியாமலே ஏறிக்கொண்டு போகிறது. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் எழுதிய 'ஸ்டிக்மா' நூலில் இன்னொன்றையும் கவனித்திருக்கிறார். குறையைச் சரிசெய்துகொண்டவர் பலசமயம் முழு சாதாரணராக மாறிவிடுவதில்லை. குறை உள்ளவர் என்ற இடத்திலிருந்து குறையைச் சரிசெய்துகொண்டவர் என்ற இடத்துக்கு நகர்கிறார், அவ்வளவே.

இந்தக் கேள்வி உண்மையானது. ஆனால் இதற்கான விலையை யாரிடம் வசூலிக்கிறோம்? உலகத்தின் அழகு அளவுகோலை இறக்குவதற்காக ஓர் இருபத்தாறு வயதுப் பெண் தன் கன்னத்தைத் தியாகம் செய்ய வேண்டும் என்று கேட்பது, வரதட்சணையை ஒழிக்க நீ கல்யாணமே பண்ணாதே என்று பெண்ணிடம் சொல்வது மாதிரி. போராட்டம் நியாயமானது. அதன் பாரத்தை ஏற்கெனவே அடிபட்டவரின் முகத்தில் ஏற்றிவைப்பது நியாயமில்லை.

அளவுகோலை ஏற்றிவிடுகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களை எங்களுக்கும் தெரியும். தங்கச்சிக்குப் பதினைந்து வயதில், தெரிந்த ஒருவர் சொன்னார் என்று அம்மா மருந்துக்கடையில் ஒரு க்ரீம் வாங்கி வந்தாள். சீட்டு கேட்கவில்லை, சீட்டு கொடுக்கவுமில்லை. ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதில் இருந்தது ஸ்டீராய்டு. சில மாசத்தில் தோல் மெலிந்து, வெயிலில் போனால் எரிந்து, க்ரீமை நிறுத்தியதும் பரு முன்னைவிட மூர்க்கமாக வந்தது. ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு கெடுபிடி செய்தது 2018-இல். எங்களுக்கு அது தாமதம். இத்தனைக்கும் ஸ்டீராய்டு கெட்ட மருந்தில்லை. மேடாக எழும்பும் தழும்புக்குள் மருத்துவர் அதை ஊசியாகப் போட்டால் மேடு அமுங்கும். மருந்து ஒன்றுதான், கை வேறு.

இன்னும் வலிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. பருத்தழும்புக்கு மிகச் சிறந்த வைத்தியம், தழும்பு விழுவதற்கு முன்னால் பருவுக்குப் பார்க்கும் வைத்தியம்தான். கட்டி கட்டியாக வரும் பருவுக்கு மாத்திரைகள் இருக்கின்றன. ஐசோட்ரெட்டினாயின் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதே 1982-இல். கர்ப்பகாலத்தில் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து என்பதால் மருத்துவர் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும், ஆனால் இருக்கிறது. அவளுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது நாங்கள் எல்லாரும் சொன்னது ஒரே வாக்கியம்: "வயசுல வர்றதுதானே, தன்னால போயிரும்." பரு போனது. குழி இருந்துவிட்டது. அன்றைக்கு 'தன்னால போயிரும்' என்று கைவிட்டவர்கள், பத்து வருஷம் கழித்து 'ஏத்துக்கிடணும்' என்கிறோம். இரண்டு வாக்கியத்திலும் நாம் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. அதனால்தான் இரண்டும் அவ்வளவு சுலபமாக வாயில் வருகின்றன.

ஏற்றுக்கொள்ளுதல் பெரிய விஷயம்தான், அதை நான் கேலி செய்யவில்லை. தழும்போடு நிமிர்ந்து நடப்பவர்களை எனக்குத் தெரியும், ஆச்சி அப்படித்தான் நடந்தாள். ஆனால் ஏற்றுக்கொள்ளுதல் ஒருவர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்வது. வெளியிலிருந்து இன்னொருவர் அதை நீட்டினால், 'உன்னோடு நான் சேர்ந்து எதையும் சுமக்க மாட்டேன்' என்பதற்கு அது ஒரு மரியாதையான சொல்லாகிவிடுகிறது.

6

தை மாசம் ஒரு சனிக்கிழமை கூடப் போனேன். அம்மாவிடம் நான்தான் சொன்னேன். "முகத்துல ஊசியா? ஏட்டி, வாய் கோணிரப் போவுது" என்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு, பஸ்ஸுக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தாள்.

சப்சிஷன் முடிய அரைமணி நேரம் ஆனது. "வலி இல்லண்ணே. ஆனா நார் அறுபடுற சத்தம் உள்ளுக்குள்ள கேட்டுச்சு, நறுக்கு நறுக்குன்னு" என்றாள். ரெண்டு கன்னமும் வீங்கி, மறுநாள் நீலம் பாரித்துக் கிடந்தது. ஒரு வாரம் லீவு போட்டாள். அதற்குப் பிறகு இரண்டு தடவை போய் வந்தாயிற்று, இன்னும் இரண்டு பாக்கி. குழிகள் ஆழம் குறைந்திருக்கின்றன. ஊசிக்குழி சில அப்படியேதான் இருக்கின்றன. டியூப்லைட் வெளிச்சத்தில் எனக்கு வித்தியாசம் தெரிகிறது. அவளுக்குச் சில நாள் தெரிகிறதாம், சில நாள் தெரியவில்லையாம்.

போன மாசம் மதுரையிலிருந்து திரும்பும்போது பஸ் காலியாக இருந்தது. ஜன்னலோர சீட்டைக் காட்டி, "உக்காருபிள்ள" என்றேன், ஏதோ பெரிய பரிசு கொடுக்கிற மாதிரி. அவள் துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, "வெயில் படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காருல்லா, நீ போ அங்க" என்று என்னை ஜன்னல் பக்கம் தள்ளினாள்.

திருமங்கலம் தாண்டியதும் மேற்கு வெயில் என் பக்கம் நேராக அடித்தது. கை தன்னால் தாடிக்குப் போனது. அவள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. தாடியை நான் இன்னும் எடுக்கவில்லை.